ஹோர்ட்டன் சமவெளியும் நமது கச்சான் காற்றும்: ஒரு மேட்டுநிலத்தின் புவியியலும் வரலாறும்

வாவிக்கரை ஆசிரியை (ஆரையம்பதி)

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓகஸ்ட் மாதத்தில் உயர்தரப் புவியியல் மாணவர்கள் 23 பேருடன் இலங்கையின் மத்திய மலைநாட்டிலுள்ள ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்று வந்தேன். இரவு புறப்படும்போது மட்டக்களப்பில் கச்சான் என்ற வெப்பமான உலர்காற்று வீசிக்கொண்டிருந்தது. வாசலில் வைத்த பூங்கன்றுகள் கருகியிருந்தன, கிணறு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. செங்கலடி - பதுளை வீதியால் ஏறி, பண்டாரவளை, அப்புத்தளை கடந்து, விடியற்காலையில் ஓஹியப் பக்கமாக மேலே போனபோது பிள்ளைகள் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரே தீவில், நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தூரத்துக்குள், ஒரே இரவில் இரண்டு பருவங்களைக் கண்டோம்.

மரமில்லாத புல்வெளி, அதன் ஓரத்தில் குட்டையான காடு, நடுவே கறுப்பு நீரோடை, எல்லாவற்றையும் மூடி மூடித் திறக்கும் பனிமூட்டம். இதைப் பார்த்த மாணவர்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கு என்னால் நிறைவான விடை சொல்ல முடியவில்லை. இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் காடு ஏன் முழுவதையும் மூடவில்லை? அங்கே மழையாக இருந்த அதே நாட்களில் நம்மூர் ஏன் வெந்துகொண்டிருந்தது? மூன்றாவது, கொக்கட்டிச்சோலையைச் சேர்ந்த ஒரு பிள்ளை கேட்டது: “ரீச்சர், மேலே புகையிரத நிலையத்தின் பெயர் பட்டிப்பொல. எங்களுடைய ஆறு பட்டிப்பளை ஆறு. அப்படியானால் நம்முடைய ஆறு இங்கிருந்துதான் வருகிறதா?” அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

பழைய வரைபடம் (களுவாஞ்சிகுடி)

தங்கச்சி, நல்ல கேள்விகள். முப்பது வருடம் இதே பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில் நிலத்தின் அமைப்பிலிருந்து தொடங்குகிறேன்.

நமது தீவை மூன்று படிகள் கொண்ட ஒரு கட்டடமாக முதலில் விவரித்தவர் நிலவியலாளர் அடம்ஸ், அது 1929இல். கடலோரத்தைச் சூழ்ந்த தாழ்ந்த சமவெளி முதற்படி. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது இரண்டாம் படி. 1,800 மீற்றரும் அதற்கு மேலும் உள்ளது மூன்றாம் படி. ஒவ்வொரு படியும் வெவ்வேறு காலத்தில் அரிப்பினால் தேய்ந்து சமமானது என்பது அடம்ஸின் கருத்து. நிலமே துண்டுதுண்டாக மேலுயர்த்தப்பட்டதால் படிகள் தோன்றின என்று பின்னர் இன்னொரு நிலவியலாளரான வாடியா மறுத்தார். எது சரியாக இருந்தாலும், நாம் குடியிருப்பது முதற்படியில். குடும்பிமலை போன்ற தனிப்பாறைகள் அந்தப் படியில் அரிபடாமல் எஞ்சி நிற்பவை. ஹோர்ட்டன் சமவெளி மூன்றாம் படியின் உச்சித் தளம்.

அந்தத் தளத்தின் உயரம் 2,100 மீற்றர் முதல் 2,300 மீற்றர் வரை. விளிம்பில் நிற்கும் கிரிகல்பொத்த 2,395 மீற்றர், தொட்டுபொல கந்த 2,357 மீற்றர். பீதுருதாலகாலைக்கு அடுத்து இந்தத் தீவின் இரண்டாம், மூன்றாம் உயர்ந்த மலைகள் இவை. ஆனாலும் சமவெளியில் நிற்கும்போது அவை சிறு குன்றுகளாகவே தெரியும், ஏனென்றால் நிற்கும் இடமே அவ்வளவு உயரம். தெற்கே மட்டும் அந்தத் தளம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடுகிறது. உலகமுடிவு என்று அழைக்கப்படும் அந்த இடத்தில் ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்கு நிலம் செங்குத்தாக விழுகிறது. காலை 9 மணிக்கு முன்னர் போனால்தான் கீழே உள்ள ஊர்களைக் காணலாம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து வெண்புகையாக விளிம்பை மூடிவிடும்.

இனிக் காற்று. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மத்திய மலைகளில் மோதுகிறது. ஈரம் நிறைந்த காற்று ஏறும்போது ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் மட்டுமே குளிர்கிறது, ஏனென்றால் ஆவி நீராக மாறும்போது உள்ளே இருந்த வெப்பம் வெளிப்படுகிறது. மேற்குச் சரிவிலும் உச்சித் தளத்திலும் மழையை இறக்கிவிட்டு, உலர்ந்த காற்றாக நமது பக்கம் இறங்கும்போது அதே 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடாகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது அதிகம். இந்தக் கணக்கில் மிஞ்சுகிற வெப்பம்தான் நமது கச்சான். ஆல்ப்ஸ் மலைநாட்டில் இதே வகைக் காற்றுக்கு ‘ஃபோன்’ என்று பெயர். வானிலையியல் அகராதியில் நமது ‘கச்சான்’ என்ற சொல்லும் மட்டக்களப்பின் பெயரும் அதன் எடுத்துக்காட்டாகவே இடம்பெற்றிருக்கின்றன. மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். நமது ஊர்களில் வழங்கும் பெயர் அது.

ஒரு திருத்தமும் உண்டு. கச்சான் ஹோர்ட்டன் சமவெளியில் மட்டும் பிறப்பதில்லை. மத்திய மலைத்தொகுதி முழுவதையும் கடந்து வருவதே அது. ஆனால் பிள்ளைகள் அன்று காலை பனிமூட்டத்தில் நின்றதும், வீட்டில் கன்றுகள் கருகியதும் ஒரே காற்றின் இரு முனைகள் என்பது உண்மை.

நீர்க்கணக்கு (கல்முனை)

மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன்.

பட்டிப்பளை ஆறு என்பது கல்லோயாவின் நமது பெயர். அது பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பிறந்து, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, கல்முனைக்குத் தெற்கே கடலை அடைகிறது. ஹோர்ட்டன் சமவெளியின் ஒரு துளி நீரும் இயற்கையாக அதில் சேர்வதில்லை. ஆகவே பட்டிப்பொலவும் பட்டிப்பளையும் ஒலியால் மட்டுமே நெருக்கம். அந்தப் பிள்ளையின் ஊகம் தவறு என்றாலும், பெயரைக் கவனித்த கண்ணைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அந்தச் சமவெளியின் நீர் கிழக்குக்கு வருவதே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அங்கே பிறக்கும் நீர் மூன்று பெரிய ஆறுகளுக்குப் பிரிகிறது: மகாவலி, களனி, வளவை. பெலிகுல் ஓயா தெற்கே இறங்கி வளவையில் சேர்கிறது. அக்ரா ஓயா கொத்மலை வழியாக மகாவலிக்குப் போகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேருமுன், அதன் ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிகிறது. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், சித்திர வேலாயுதர் கோயிலுக்குப் பக்கத்தில் ஓடுகிற அந்த நீரில் மேட்டுப் புல்வெளியின் நீரும் கலந்திருக்கிறது. மலையில் பெருமழை பெய்தால் கதிரவெளி, வாகரைப் பக்கத்து மக்கள் முதலில் வெருகலைத்தான் விசாரிப்பார்கள்.

இன்னொரு வழியும் உண்டு, அது மனிதன் வெட்டியது. மினிப்பேயில் மறிக்கப்படும் மகாவலி நீர் வலதுகரைக் கால்வாயால் உல்ஹிட்டிய, ரத்கிந்தக் குளங்களுக்கு வந்து, அங்கிருந்து சுரங்கம் வழியாக மாதுறு ஓயா நீர்த்தேக்கத்துக்குச் செல்கிறது. அந்த அணை 1983இல் நிறைவுற்றது. மாதுறு ஓயா வாழைச்சேனைப் பக்கமாகக் கடலுக்கு வருகிறது. எனவே ரீச்சர், வரைபடத்தில் கோட்டைப் பட்டிப்பளைக்கு இழுக்காமல் இந்த இரண்டு இடங்களுக்கும் இழுங்கள்.

சாம்பலும் மகரந்தமும் (அக்கரைப்பற்று)

ஆசிரியையின் முதற் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது. தொல்லியல் படிக்கும் மாணவன் என்பதால் அதை மனித வரலாற்றின் பக்கமிருந்து பார்க்க விரும்புகிறேன்.

சமவெளியின் பள்ளங்களில் பாடநூல்கள் முற்றா நிலக்கரி என்று சொல்லும் கறுப்பு மண் படிந்திருக்கிறது. குளிரும் ஈரமும் சேர்ந்து இலைதழைகளை முழுமையாக அழுகவிடாமல் அடுக்கடுக்காகச் சேமித்து வைத்த மண் அது. ஒவ்வொரு அடுக்கிலும் அந்தக் காலத்துச் செடிகளின் மகரந்தம் சிதையாமல் இருக்கிறது. பேராசிரியர் பிரேமதிலகவும் உடன் ஆய்வாளர்களும் அந்த மண்ணைத் துளையிட்டு எடுத்து, ஏறத்தாழ 24,000 ஆண்டுகளின் காலநிலையை வாசித்திருக்கிறார்கள். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் அந்த இடம் இன்றைவிட மிகவும் வறண்டிருந்தது. பின்னர் பருவமழை வலுப்பெற்றபோது காடு பரவியது. இடையிடையே மழை குறைந்த காலங்களில் மீண்டும் புல் விரிந்தது. ஆகவே ‘காடு ஏன் மூடவில்லை’ என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது. அது மூடியும் இருக்கிறது, விலகியும் இருக்கிறது.

இதைவிட வியப்பான கூற்று ஒன்று உண்டு. ஏறத்தாழ 17,500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் காட்டை எரித்து வெளியாக்கியதற்கும், வாற்கோதுமை, ஓட்ஸ் போன்ற தானியப் புற்களைப் பேணியதற்கும் தடயங்கள் உள்ளன என்று பிரேமதிலக முடிவு செய்திருக்கிறார். மகரந்தத்தை வைத்துப் பயிர்ப்புல்லையும் காட்டுப்புல்லையும் பிரித்தறிவது கடினம் என்பதால் எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுவிடவில்லை. வரலாற்றுக்கு முந்திய பலாங்கொடைப் பண்பாட்டைச் சேர்ந்த கற்கருவிகள் அங்கே கிடைத்திருப்பதில் மட்டும் ஐயமில்லை. பலாங்கொடை அந்த விளிம்பின் கீழேதான் இருக்கிறது. கீழே குகையில் வாழ்ந்த அந்த மனிதர்கள் மேலே ஏறி மரை என்ற பெரிய மானை வேட்டையாடினார்கள் என்று நினைப்பது மிகையாகாது.

அனுமனின் வாலில் வைத்த தீ பரவியதால்தான் அங்கே புல் மட்டும் முளைக்கிறது என்ற கதையையும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். வரலாறாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும், அந்த வெட்டவெளிக்குக் காரணம் தீ என்ற நினைவைக் கதை விட்டுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வயல்மண் (அம்பாறை)

அக்கரைப்பற்றுத் தம்பி எழுதியது அருமை. ஆனால் எல்லாவற்றையும் தீயின் மீது ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மண்ணைப் படித்தவள்.

சிங்களத்தில் பத்தன என்றும் மலையகத் தமிழில் பத்தனை என்றும் சொல்லப்படும் மலைப்புல்வெளிகளைத் தாவரவியலாளர் பியர்சன் 1899இலேயே உலர் பத்தனை, ஈரப் பத்தனை என்று இரண்டாகப் பிரித்தார். ஊவாவின் கீழ்ச்சரிவுகளில் உள்ள உலர் பத்தனைகள் கோடையில் எரிகின்றன. அவற்றுக்குத் தீயே காவல் என்றால் ஒப்புக்கொள்வேன். ஹோர்ட்டன் சமவெளி ஈரப் பத்தனை. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 13 பாகை. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை தெளிந்த இரவுகளில் உறைபனி விழுகிறது. குளிர்ந்த காற்று பாரமானது. அது மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் குளமாகத் தேங்குகிறது. அதனால் உறைபனி முதலில் விழுவது பள்ளத்தில்தான், புல் நிற்பதும் பெரும்பாலும் அங்கேதான். மேட்டுச் சரிவில் காடு, பள்ளத்தில் புல் என்ற அமைப்பை ஆசிரியையின் மாணவர்களும் கண்டிருப்பார்கள். நீர் வடியாத, புளிப்பு மிகுந்த கறுப்பு மண்ணில், காலையில் உறைபனி பட்டு மதியம் வெயில் பட்டால் ஒரு மரக்கன்று எப்படி வேரூன்றும்?

சாம்பலும் மகரந்தமும்

அக்கா சொல்வதை ஏற்கிறேன். தீ காட்டை அகற்றியிருக்கலாம். அகற்றிய இடத்தில் காடு திரும்பி வராமல் உறைபனியும் மண்ணும் தடுத்திருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆனால் மேட்டிலும் சில இடங்களில் புல் இருக்கிறதே, அதை உறைபனியால் மட்டும் விளக்க முடியுமா?

வயல்மண்

முடியாது. அந்த இடங்களைத் தீக்கு விட்டுக்கொடுக்கிறேன். இன்னொரு காரணத்தையும் சேருங்கள், தம்பி: மரை. கூட்டம் கூட்டமாக மேயும் மரைகள் முளைவிட்ட கன்றுகளைத் தின்றுவிடுகின்றன. மேலும், 1960களில் சமவெளியின் ஒரு பகுதியை உழுது விதை உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியும் அந்த இடங்களில் பழைய தாவரம் திரும்பவில்லை. வேறு புற்களே நிற்கின்றன. நமது வட்டையில் ஒரு போகம் தரிசு விட்டால் காடு ஏறிவிடும். அங்கே அரை நூற்றாண்டு போதவில்லை. குளிரான மேட்டுநிலத்தில் காயம் ஆறுவதற்கு எடுக்கும் காலம் அது.

பத்தனைப் பேத்தி (வாழைச்சேனை)

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் கீழிருந்து மேலே பார்த்தவர்கள். எங்கள் அம்மம்மா அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு குடும்பத்தோடு மட்டக்களப்புக்கு வந்தவர். அவர் அந்த இடத்தை ஹோர்ட்டன் என்று சொன்னதே இல்லை. ‘மேல் பத்தனை’ என்பார். அங்கேயிருந்து மூடுபனி இறங்கினால் கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டுக் கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றுவார்களாம்.

1834இல் பிஷர், வட்சன் என்ற இரண்டு படை அதிகாரிகள் சமவெளியைக் ‘கண்டுபிடித்தார்கள்’ என்றும், அப்போதைய தேசாதிபதி சேர் றொபேர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வைத்தார்கள் என்றும் நூல்கள் சொல்கின்றன. ஹோர்ட்டன் 1831 முதல் 1837 வரை பதவியில் இருந்தவர். ஆனால் அதற்கு முன்பே அந்த இடத்துக்கு மகா எலிய தென்ன என்ற பெயர் இருந்தது. எலிய என்றால் வெட்டவெளி. நாம் கதிரவெளி என்பதில் வரும் ‘வெளி’யின் பொருள்தான். பெயர் வைத்தவர்கள் அங்கே போகாமல் வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது ‘கண்டுபிடித்தார்கள்’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘1834இல் ஆங்கிலேயரின் வரைபடத்தில் ஏறியது’ என்று சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது பெரும்பாலும் அழிவு. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களோடு இந்த மேட்டுநிலமெங்கும் மரை வேட்டையாடினார். அங்குள்ள அருவி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சமவெளியில் யானைகளும் இருந்தன. இன்று ஒன்றுகூட இல்லை. கீழே கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. 1869இல் இலைத்துரு நோய் கண்டு கோப்பி வீழ்ந்த பின் தேயிலைக்காக மேலும் மேலே வெட்டப்பட்டது. வெட்டியவர்களும் நட்டவர்களும் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த எங்கள் மூதாதையர். 1885இல் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதை, ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலவைக் கடந்து, 1893இல் அப்புத்தளைக்கு இறங்கியது.

அந்த வெட்டு ஏன் உச்சிவரை போகவில்லை? கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாமல் விடவேண்டும் என்று 1873இல் ஆலோசனை கூறினார், அரசும் அதை ஏற்றது. ஆற்றுத் தலைகள் வற்றிவிடும் என்ற அச்சமே காரணம். நீர்க்கணக்கு ஐயா சொன்ன வெருகல் நீருக்கும் அந்த ஒரு கட்டளைக்கும் தொடர்பிருக்கிறது என்று நான் நம்புகிறேன். 1969இல் சமவெளி இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் 3,160 ஹெக்டேயர் பரப்புள்ள தேசியப் பூங்காவாகவும் ஆனது. 2010இல் மத்திய உயர்நிலங்களின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

பழைய வரைபடம்

மகள், ‘மேல் பத்தனை’ என்ற சொல்லுக்கு நன்றி. எந்த வரைபடத்திலும் நான் அதைக் கண்டதில்லை. அம்மம்மா சொன்ன மற்றப் பெயர்களும் நினைவிருந்தால் எழுதி வையுங்கள்.

நீர்க்கணக்கு

ஹூக்கரின் அச்சம் சரியானது. அந்தக் காட்டின் மரங்கள் மழையை மட்டும் பெறுவதில்லை. கிளையெல்லாம் பாசியும் தாடிபோல் தொங்கும் மரப்பாசியும் படர்ந்திருப்பதால், கடந்துபோகும் மூடுபனியைச் சீப்பால் வாருவதுபோல் பிடித்துத் துளித்துளியாக நிலத்தில் விடுகின்றன. மழை குறைந்த சனவரி முதல் மார்ச் வரையிலும் ஓடைகள் ஓடுவதற்கு இதுவும், பஞ்சைப்போல் நீரைப் பிடித்துவைக்கும் கறுப்பு மண்ணும் காரணம். மழைமானியில் இந்த நீர் சரியாகப் பதிவாகாது. அதனால் ‘மழை இவ்வளவு’ என்று மட்டும் எழுதினால் சமவெளியின் கணக்கு முழுமையாகாது.

வயல்மண்

நீர்க்கணக்குக் காக்கா (அண்ணன்) சொன்ன அந்தச் சீப்பின் பற்கள் உதிர்வதுதான் எனது கவலை. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அந்தக் காட்டில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. குடைபோல் விரிந்த கீன மரம் அதிகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. வறட்சி, மண்ணில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, காற்றோடு வரும் மாசு எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஒன்றை மட்டும் கைகாட்டும் நிலை இல்லை. இறந்த மரம் விழுந்த வெளியில் வெயில் படுகிறது, உறைபனி விழுகிறது, மரை மேய்கிறது. தம்பியும் நானும் வாதாடிய அதே காரணங்கள் இப்போது நமது கண்முன்னே புதிய புல்வெளியை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. இதற்கு மேல், ஆங்கிலேயர் கொண்டுவந்த மஞ்சட்பூ முட்செடியான கோர்ஸ் புல்லை நெருக்குகிறது. ஐரோப்பிய மேட்டுநிலங்களில் சாதாரணமான செடி அது. இங்கே வேண்டாத விருந்தாளி.

அங்கும் அதைச் சூழ்ந்த மத்திய உயர்நிலங்களிலும் மட்டும் வாழும் உயிர்களுக்குப் போக வேறிடம் இல்லை. மேலே ஏற மலை இல்லை, கீழே இறங்கக் காடு இல்லை. மூக்கில் கொம்புள்ள ஓணானும், அடர்ந்த உரோமமுள்ள மலைத் தேவாங்கும் அப்படிப்பட்டவை. அந்தத் தேவாங்கு 1937இல் பதிவான பின் நெடுங்காலம் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 2010இல்தான் அதன் படம் உலகுக்குத் தெரிந்தது.

வாவிக்கரை ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று வகுப்பில் முழுவதையும் வாசித்தேன். கீழ்ப்பள்ளத்தில் புல், மேற்சரிவில் காடு என்று அக்கா எழுதியதைக் கேட்டதும், படம் எடுத்திருந்த பிள்ளைகள் கைத்தொலைபேசிகளைத் திறந்து பார்த்தார்கள். 41 படங்களில் 33 அப்படியே இருந்தன. மற்ற 8 படங்களில் மேட்டிலும் புல் நிற்கிறது. அவற்றைத் தம்பியின் தீக்கு ஒதுக்கி, தனித் தாளில் ஒட்டியிருக்கிறோம். ‘கண்டுபிடித்தார்கள்’ என்ற சொல்லைக் குறிப்பேட்டில் வெட்டித் திருத்தினோம்.

பட்டிப்பளைக் கேள்வியைக் கேட்ட பிள்ளை சற்று வாடிப்போனாள். பிறகு அவளே சுவர் வரைபடத்தின் முன் போய், தான் பென்சிலால் இழுத்திருந்த கோட்டை அழித்துவிட்டு, அக்ரா ஓயாவிலிருந்து மினிப்பே வரை நீல மையால் வரைந்தாள். அங்கே கோட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றை வெருகலுக்கும் மற்றதை மாதுறு ஓயா வழியாக வாழைச்சேனைக்கும் கொண்டுபோனாள். சுரங்கம் வரும் இடத்தைப் புள்ளிக்கோடாகப் போட்டிருக்கிறாள். அந்தச் சுரங்கத்தின் வாயைப் பார்க்க அடுத்த தவணையில் அழைத்துப் போக முடியுமா என்று கேட்கிறார்கள். நீர்க்கணக்கு காக்கா, அனுமதிக்கு யாரிடம் எழுத வேண்டும் என்று சொன்னால் இந்த வாரமே கடிதத்தைத் தயாரிக்கிறேன்.